எழுபத்தொன்பது டிகிரி

பன்னிரண்டு அடிக்க இன்னும் இருபத்தைந்து நிமிஷம்தான் இருந்தது. கோட்டைச்சாமி ஓடினான்.

தோளில் காவடிக் கம்பு. கம்பின் இரண்டு முனையிலும் கயிற்றில் தொங்கும் பெரிய மண்குடங்கள். குடம் நிறையத் தண்ணீர். ஊற்று ஊறத் தாமதமானதில் அன்றைக்கு இதுதான் முதல் நடை. ஓடினால் தண்ணீர் தளும்பிப் போகும். ஓடாவிட்டால் வேலை போகும். ஆகவே இடுப்புக்கு மேலே நடந்தும் இடுப்புக்குக் கீழே ஓடியும் அவன் ஊருணிக் கரையில் ஏறினான். மேற்கே அருப்புக்கோட்டை ரோட்டில் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. ஜீப்!

கரைமேல் கால் வைத்தவன் அப்படியே நின்றான்.

எதிரே பதினேழு பெண்கள். இடுப்பில் காலிக் குடம். ஒருத்தியும் வழியை விட்டு நகரவில்லை.

"என்னண்ணே, தட்டிக்குத் தாகம் எடுத்துருச்சா?" என்றாள் ஞானப்பூ. அவனுக்கு அடுத்த வீட்டுக்காரி. வாயைத் திறந்தால் எதிரே நிற்கிறவன் எதையாவது கீழே போடுவான்.

"வழிய விடு தாயி. ஜீப்பு வந்துக்கிட்டிருக்கு."

"எங்க வீட்ல சின்னது நாக்கு வறண்டு கெடக்கு. அங்க நீங்க காஞ்ச வேருக்குத் தண்ணி ஊத்துறீக. என்ன, முளைச்சு வந்து ஆபீசருக்கு நெழலு குடுக்கவா?"

பெண்கள் சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்தி, கடைசியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சி. கோட்டைச்சாமியின் மனைவி. நாலு வருஷமாகவே, புருஷன் தண்ணீர்க் காவடியோடு வருகிற பாதையில் அவள் எதிரே வந்ததில்லை. வேலிக்காட்டைச் சுற்றிக்கொண்டு போவாள். அது அவனுக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

வெட்டிவேர்த் தட்டிக்கும் ஊர்த் தாகத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், அதற்கு ஆபீஸைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செவக்காட்டுப்பட்டியில், பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றில், வறட்சி நிர்ணய ஆபீஸ் நடந்துவந்தது. யுத்த காலத்தில், 1944-ல், இந்த வட்டாரத்தில் வறட்சி இருக்கிறதா இல்லையா என்று ஆறு மாதத்தில் கண்டுபிடித்துச் சொல்வதற்காகத் திறந்தது. இப்போது 1948 சித்திரை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டி எட்டு மாசம் ஆகிவிட்டது. ஆபீஸ் இன்னும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

விதி சுலபமானது. பகல் பன்னிரண்டு மணிக்கு உஷ்ணமானி தொண்ணூற்றெட்டு டிகிரியைத் தாண்ட வேண்டும். காய்ச்சலுக்குப் பார்க்கிறோமே, அதே கணக்கு. தாண்டினால் அது வறட்சிக் கிராமம். வெடிமருந்தோடு காரியாபட்டியில் காத்திருக்கும் கிணறு வெட்டும் கோஷ்டி வந்து, ஊர்க் கிணற்றின் அடிப்பாறையை உடைத்துத் தண்ணீர் காட்டும். தாண்டாவிட்டால் வறட்சி இல்லை. ஊருணி வற்றியிருந்தாலும் இல்லை.

உஷ்ணமானி இருந்தது அதிகாரி வீரபத்திரனின் அறைக்குள். போன மாசம் ஊரே திரண்டு போய், "அதக் கொஞ்சம் வெளிய மாட்டுங்க சாமி" என்று கும்பிட்டது. அதிகாரி கோபப்படவில்லை. குழந்தைகளுக்குச் சொல்வது போல் எடுத்துச் சொன்னார்.

"வெயிலில் வைத்து அளந்தால் அது வெயிலுக்குச் சாதகமாகத்தானே காட்டும்? நாளைக்கு மழையில் வைத்து அளக்கச் சொல்வீர்கள். அரசாங்கம் யார் பக்கமும் சாயாது. அதனால்தான் உஷ்ணமானியை வெயிலும் படாமல், மழையும் படாமல், என் நாற்காலிக்குப் பின்னால் வைத்திருக்கிறோம்."

நாற்காலிக்குப் பின்னால் குளுகுளுவென்று இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் ஆணியடித்து மூடியிருந்தன. வெளிக்காற்று அனுமதி பெறாத காற்று. இரண்டு வாசலிலும் வெட்டிவேர்த் தட்டி. ஒரு நாளைக்கு நாற்பது குடம் தண்ணீர் அதில் ஊற்ற வேண்டும். உத்தரத்திலிருந்து தொங்கும் துணிப் பங்கா ஆட ஆட, அந்த ஈரம் காற்றில் காயக் காய, அறை குளிரும். காலையில் அதிகாரியின் பித்தளைக் கூஜாவுக்கு ஈரத்துணி சுற்றுகிறபோதெல்லாம் கோட்டைச்சாமி அதே வித்தையைத்தான் செய்தான். கூஜாவும் குளிர்ந்தது, அதிகாரியும் குளிர்ந்தார், உஷ்ணமானியும் குளிர்ந்தது. நாலு வருஷமாக எண்பத்துநாலு டிகிரி.

நாற்பது குடத்துக்கு ஊருணியில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு ஊற்றுக்குழி. பகல் பன்னிரண்டு வரை அது ஆபீஸுக்கு. அதன் பிறகு ஊறுவது ஊருக்கு. பெரும்பாலும் சேறுதான் ஊறியது.

தண்ணீர் தூக்குவதும் தட்டி நனைப்பதும், வராந்தாவில் உட்கார்ந்து பங்காக் கயிறு இழுப்பதும் கோட்டைச்சாமியின் வேலை. ஊரில் வறட்சி இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது அவன் கைகள்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

"இன்னைக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு தட்டி காயட்டும்ணே," ஞானப்பூவின் குரல் இறங்கிவிட்டது. "மதுரையில இருந்து பெரியவுக வந்து பாக்கிறாக. அவுக எழுதுற நம்பருதான் கடேசி நம்பராம். நீங்க ஊத்தாம விட்டா அது தன்னால ஏறிட்டுப் போகுது. உங்கள யாரு கேக்கப் போறா?"

கோட்டைச்சாமி புழுதியைப் பார்த்தான். ஜீப் பாலத்தைத் தாண்டிவிட்டது. அப்புறம் பேச்சியைப் பார்த்தான். அவள் இன்னமும் நிமிரவில்லை.

காவடியை இறக்கினான்.

"பிடிங்க சீக்கிரம்! எவளும் சத்தம் போடக்கூடாது!"

இரண்டு குடமும் பதினேழு குடங்களில் அடியை நனைத்துத் தீர்ந்தது. யாரும் நன்றி சொல்லவில்லை, நேரமில்லை. ஆனால் பேச்சி நேரே அவன் முன்னால் வந்து நின்றாள். ஊரார் பார்க்க, பட்டப்பகலில், நாலு வருஷத்தில் முதல் தடவை.

"துண்டக் குடுங்க."

அவன் தோளிலிருந்து துண்டை உருவி, அதன் நுனியைத் தன் குடத்துக்குள் விட்டு, சொட்டச் சொட்ட நனைத்தாள். குடத்தில் இருந்ததே ஒரு விரற்கடைத் தண்ணீர்.

"தலையில போட்டுக்கிட்டு ஓடுங்க. கெறங்கி விழுந்துறாதீக."

காலிக் குடங்களோடு கோட்டைச்சாமி ஓடினான். இவ்வளவு இலேசாக அவன் ஒரு நாளும் ஓடியதில்லை.

ஆபீஸ் வாசலில் தலைமை எழுத்தர் ஜான்ராஜ் மாலையும் கையுமாக நின்றார். நல்ல மனுஷர். பயப்படுவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

"தட்டி நனைஞ்சிருச்சாப்பா?"

"நனைஞ்சிருச்சுங்கய்யா."

ஜான்ராஜ் மூக்கை உறிஞ்சினார். வெட்டிவேர் வாசம் வரவில்லை. அவர் முகம் வெளுத்தது.

"ஏலே கோட்டைச்சாமி, நாஞ் சொல்றதக் கேளு. தொண்ணூத்தெட்டத் தாண்டிருச்சுன்னா வறட்சி இருக்குன்னு ஆகிப்போகும். வறட்சி இருக்குன்னு ஆயிட்டா, இருக்கா இல்லையான்னு பாக்கிற ஆபீஸு எதுக்கு? சாயங்காலமே பூட்டிருவாக. எனக்கு நாலு பொம்பளப் பிள்ளைக. உனக்கும் இன்னைக்குப் பெர்மனெண்ட் ஆர்டர் மேஜையில இருக்கு, கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"ஐயா..."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. உள்ள போயிப் பங்காக் கயிறு சரியா ஓடுதான்னு பாத்துட்டு வா. போ."

ஜீப் வந்து நின்றது. அதிகாரி ஓடினார், ஜான்ராஜ் ஓடினார், குமாஸ்தாக்கள் ஓடினார்கள். மாலை, மரியாதை, எலுமிச்சம்பழம், ஒரு குமாஸ்தா வாசித்த வரவேற்புப் பத்திரம். எல்லாமாக மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷமும் அறைக்குள் இருந்தவன் கோட்டைச்சாமி ஒருவன்தான். காய்ந்த தட்டி இரண்டு, காலி நாற்காலி ஒன்று, சுவரில் உஷ்ணமானி. அந்த மூன்று நிமிஷத்தை இப்போதைக்கு அப்படியே அங்கே விட்டுவைப்போம்.

அவன் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்து, கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுக்க ஆரம்பித்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

வந்தவர் சிக்கன இஞ்சினீயர். ஒல்லி மனுஷர், கதர்க்கோட்டு, கையில் கடிகாரம். கட்டடங்களைச் செலவில்லாமல் குளிர்விப்பது எப்படி என்று மதுரையில் உட்கார்ந்து பதினோரு அறிக்கை எழுதியவர். நேரே கோட்டைச்சாமியிடம் வந்தார். அவன் எழுந்திருக்கப் போனான்.

"எழாதே! நீ எழுந்தால் காற்று நிற்கும். நிமிஷத்துக்கு எத்தனை இழுப்பு?"

"எண்ணுனதில்லங்க."

இஞ்சினீயர் எண்ணினார். "இருபத்தேழு. இழுக்கும்போதும் காற்று வருகிறது, விடும்போதும் காற்று வருகிறது. கவனித்தீர்களா? விடுகிறபோது இவன் எந்த வேலையும் செய்யவில்லை. அதாவது, நாளில் பாதி நேரம் இந்த ஆள் ஓய்வில் இருக்கிறான்!"

"அயோக்கியன்," என்றார் அதிகாரி வீரபத்திரன்.

"குற்றம் சொல்லவில்லை. அந்த ஓய்வு நேரத்தில் இன்னொரு காலால் இன்னொரு பங்காவை இழுக்கலாமே என்கிறேன். ஓர் ஆள், இரண்டு அறை. எழுதிக்கொள்ளும்."

ஜான்ராஜ் எழுதிக்கொண்டார்.

உள்ளே தரையில் சுண்ணாம்புக் கோடுகள் இருந்தன. பங்காவுக்கு நேர் கீழே அதிகாரியின் கட்டம். அதையொட்டித் தலைமை எழுத்தருக்குக் கையகலக் கட்டம். இடது கன்னத்துக்கு மட்டும் காற்று வரும். குமாஸ்தாக்களுக்குக் கட்டம் கிடையாது. காற்று அவர்களைத் தாண்டிப் போகிற வழியில் பட்டால் அவர்கள் அதிர்ஷ்டம். தலையை நீட்டி மேல்நிலைக் காற்றை வாங்கியதற்காக ஒருவருக்கு விளக்கம் கேட்டு ஓலை போயிருந்தது.

இஞ்சினீயருக்கு உள்ளம் பூரித்தது. "இதுதான் விநியோகம்! காற்று பொதுச் சொத்து. பொதுச் சொத்தை எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் அப்புறம் அது பொதுவாகவே போய்விடும் அல்லவா?"

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆணியடித்த ஜன்னல்கள், காய்ந்த தட்டிகள், உள்ளே எட்டுப் பேர். வெளியே ரோட்டில் தார் கிடையாது, இருந்திருந்தால் உருகியிருக்கும். அதிகாரியின் சட்டை முதுகோடு ஒட்டியது. இஞ்சினீயரின் மூக்குக்கண்ணாடியில் வேர்வை வழிந்தது. ஜான்ராஜின் பேனா மை காகிதத்தில் படுவதற்கு முன்பே காய்ந்தது. யாரும் விசிறிக்கொள்ளவில்லை. விசிறினால் வெக்கை என்று ஒப்புக்கொண்டதாகும்.

பன்னிரண்டு அடித்தது.

இஞ்சினீயர் எழுந்து உஷ்ணமானியிடம் போனார். அதன் மேற்பாதி, எண்கள் போட்ட கண்ணாடிக் குழாய், எல்லார் கண்ணுக்கும் தெரியும். அடியிலிருக்கும் குமிழ் மட்டும் ஒரு சின்ன மரப்பெட்டிக்குள். பெட்டியில் அரக்கு முத்திரை. முத்திரையை உடைத்தால் ஆறு மாதம் ஜெயில் என்று பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

வராந்தாவில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த கோட்டைச்சாமி கண்ணை மூடிக்கொண்டான்.

"எழுபத்தொன்பது!"

இஞ்சினீயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எழுபத்தொன்பது டிகிரி! என் சர்வீஸில் கொடைக்கானலுக்குக் கீழே இப்படி ஒரு நம்பர் பார்த்ததில்லை!"

அந்த நேரம் பார்த்து ஜான்ராஜ் நாற்காலியோடு சாய்ந்து தரையில் விழுந்தார். முகமெல்லாம் செக்கச்செவேல். மூச்சு இரைத்தது.

"வெக்கையில மயங்கிட்டாரு! வெளிய தூக்குங்க!" என்றார் விவரம் தெரியாத ஒரு குமாஸ்தா.

"எந்த வெக்கை?" இஞ்சினீயர் கருவியைக் காட்டினார். "எழுபத்தொன்பதில் ஏதய்யா வெக்கை? குளிர் தாங்காமல் விழுந்திருக்கிறார். கம்பளி இருக்கிறதா?"

இருந்தது. யுத்த கால ஸ்டாக். இரண்டு கம்பளியைப் போட்டுக் கழுத்துவரை போர்த்தினார்கள். ஜான்ராஜ் கண் விழித்து, தன்னைப் பார்த்து, கம்பளியைப் பார்த்து, அதிகாரியைப் பார்த்தார்.

"இப்போது எப்படி இருக்கிறது?" என்றார் அதிகாரி.

"குளிர் கொஞ்சம் விட்டிருக்குங்கய்யா," என்றார் ஜான்ராஜ். நாலு பெண்பிள்ளைகளைப் பெற்றவர்.

இதற்குள் இஞ்சினீயர் தட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டார். கை நின்றது. மறுபடி தொட்டார். ஒரு வேரைப் பிடுங்கி நொறுக்கினார். தூளாகக் கொட்டியது.

"இது காய்ந்திருக்கிறதே!"

அதிகாரி வீரபத்திரனுக்கு உயிர் பாதி போயிற்று. வராந்தாவில் ஒருவனுக்கு முழுவதும் போயிற்று. கயிறு நின்றது.

"தண்ணீர் ஊற்றவில்லையா?"

அதிகாரி கோட்டைச்சாமியை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்த பார்வையில் அவன் சாம்பலாகியிருக்க வேண்டும். ஆனால் இஞ்சினீயரின் முகத்தில் மெல்ல ஒரு பிரகாசம் பரவிக்கொண்டிருந்தது.

"ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எழுபத்தொன்பது! ஈரத்தட்டியில் எண்பத்துநாலு, காய்ந்த தட்டியில் எழுபத்தொன்பது! அப்படியென்றால் இத்தனை வருஷம் நாம் ஊற்றிய தண்ணீர்தான் ஐயா அறையைச் சூடாக்கியிருக்கிறது!"

அதிகாரி வீரபத்திரன் ஒரு கண நேரம்கூடத் தாமதிக்கவில்லை. "அதைத்தான் சார் நான் நெடுநாளாகச் சந்தேகித்தேன். இன்று துணிந்து நிறுத்திவிட்டேன்."

நீரில்லாக் குளிர்ச்சி முறை அந்த இடத்திலேயே பிறந்தது. இஞ்சினீயர் எழுந்து நின்று, கோட்டிலிருந்து வேர்வை சொட்டச் சொட்ட, குறிப்புச் சொல்லி எழுதவைத்தார். எல்லா ஆபீஸ்களிலும் தட்டிகளை உடனே உலர்த்த வேண்டும். நனைப்பவன் தண்டிக்கப்பட வேண்டும். செவக்காட்டுப்பட்டியில் வறட்சி இல்லை. இனி வருவதற்கும் வாய்ப்பில்லை. "வெட்டிவேரே தண்ணீரில்லாமல் இவ்வளவு சிறப்பாக வேலை செய்கிறது. ஆறறிவுள்ள மனிதன் சற்று முயன்றால் முடியாதா?" என்ற வரியை அதிகாரி இரண்டு தடவை படித்து ரசித்தார்.

"காரியாபட்டியில் கிணற்று ஆட்கள் காத்திருக்கிறார்கள் சார்..." என்று இழுத்தார் அதிகாரி.

"நரிக்குடிக்கு அனுப்பும். அங்கே போன வாரம் நூற்றொன்று காட்டியிருக்கிறது. பங்காக் கயிறு அறுந்துபோனதாம்."

கிளம்பும்போது இஞ்சினீயர் கோட்டைச்சாமியைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். பெர்மனெண்ட் ஆர்டரை அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தட்டி நனைக்கும் வேலை ஒழிந்துவிட்டதால் உத்தியோகத்தின் பெயரை மட்டும் மாற்றினார்கள். இனி அவன் தட்டி உலர்த்தி. தட்டியில் தண்ணீர் படாமல் காக்க வேண்டும். மழை வந்தால் கூடுதல் பொறுப்பு.

ஆர்டரைக் கையில் வாங்கும்போது கோட்டைச்சாமி தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். மரியாதைக்காக என்று அதிகாரி நினைத்தார்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தான். வழக்கமாக அவன் வருகிற நேரத்தில் தெருவில் பெண்கள் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் முதுகைக் காட்டுவார்கள். இன்றைக்கு வீட்டு வாசலிலேயே கூடியிருந்தார்கள். சேதி தெரிந்துவிட்டது. கிணறு இல்லை.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வைது தீர்க்கட்டும் என்றிருந்தது. வைதால் நல்லது.

"அண்ணே," என்றாள் ஞானப்பூ. அவள் கண் கலங்கியிருந்தது. "காலையில நான் பேசுனத மனசுல வச்சுக்காதீக. தட்டி காஞ்சுதான் கெடந்துச்சுன்னு ஆபீசுக்காரகளே சொல்றாக. நீங்க எங்க பேச்சக் காப்பாத்திட்டீக. அந்தக் கண்ணாடிக் குழாயி பாவி, அது பண்ணுன துரோகத்துக்கு நீங்க என்ன செய்வீக?"

"ஆமா, மனுசன் நம்ம பக்கம். மிஷினு அவுக பக்கம்," என்றாள் இன்னொருத்தி.

கோட்டைச்சாமி கக்கத்துத் துண்டை இன்னும் இறுக்கினான்.

"ஊத்துல இன்னைக்கு மூணு குடம் கூடக் கெடைச்சுது. இனிமே ஆபீசு தண்ணி எடுக்காதாமே? அதுவும் உங்களாலதான்." ஞானப்பூ ஒரு செம்பை நீட்டினாள். தெளிந்த தண்ணீர். சேறு இறங்கட்டும் என்று காத்திருந்து மேலாக மொண்ட தண்ணீர். "மொதச் செம்பு உங்களுக்குன்னு எடுத்து வச்சோம். குடிங்கண்ணே."

செம்பை வாங்கினான். வாய் வரை கொண்டுபோனான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டை கரிசல் நிலம் போல் வெடித்துக் கிடந்தது. ஆனாலும் குடிக்க முடியவில்லை. "சின்னதுக்குக் குடு தாயி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தான். அதற்கும் பெண்கள் அவனைப் புகழ்ந்தார்கள். உள்ளே வரை கேட்டது.

பேச்சி கஞ்சி எடுத்து வைத்திருந்தாள். கல்யாணம் ஆன புதிதில் பார்த்தது போல் அவனை நேராகப் பார்த்தாள்.

"நாலு வருசமா எனக்குத் தெருவுல நடக்கக் கூசும்," என்றாள். "இன்னைக்கு நிமிந்து நடந்தேன். கெணறு கெடக்குது போங்க. இது போதும் எனக்கு."

"பேச்சி..."

"துண்டக் குடுங்க. வேர்வ நாத்தம். அலசிப் போடுறேன், அதான் தண்ணி இருக்குல்ல."

அவன் தரவில்லை. சிரித்துக்கொண்டே அவள் அவன் கக்கத்திலிருந்து அதை உருவினாள். உதறி விரித்தாள். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே இருந்தது, போக மறந்தது போல.

துண்டின் ஒரு நுனியில் நாலு விரல் அகலத்துக்குக் கிழிசல். பல்லால் கடித்துக் கிழித்த கிழிசல். காலையில் ஊருணிக் கரையில் தன் குடத்துக்குள் விட்டு, சொட்டச் சொட்ட, அவளே நனைத்துக் கொடுத்த நுனி.

"என்னங்க, இது எங்க?"

பூட்டிய ஆபீஸில், அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால், முத்திரை வைத்த மரப்பெட்டியின் அடி இடுக்கு வழியாகத் திணித்து, கூஜாவுக்குச் சுற்றுவது போல் கண்ணாடிக் குமிழைச் சுற்றி அவன் கட்டிவிட்டு வந்த இடத்தில், அது இந்நேரம் காய்ந்துபோயிருக்கும்.